பெரியம்மாவின் நோட்டில் ஐந்தாவது கட்டம்

பெரியம்மாவின் 16-ஆம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வீட்டில் வந்த முதல் பேச்சே புத்தகங்களைப் பற்றித்தான். இரண்டு இரும்பு பீரோ, ஒரு மர அலமாரி, பரணில் நாலு சாக்கு. "மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணும். இதையெல்லாம் எங்க வைக்கிறது? எடைக்குப் போட்ருவோம்" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு வீடு ஒழுகுகிற கவலை. நான் இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு நாள் எட்டு மாதமாக நீண்டது.

அந்த எட்டு மாதத்தில் பெரியம்மாவைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, அவர் இருந்த காலத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகம். இப்படி ஒருவர் போன வீட்டில் என்னென்ன செய்யலாம், எதையெல்லாம் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது என்பதும் அப்போது பிடிபட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் விஷயத்தில் இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கீரனூருக்கு மேற்கே உள்ள ஒரு சின்ன ஊருக்கு 1971-இல் வாக்கப்பட்டு வந்தவர். அப்போது வயது 18. படிப்பு எட்டாம் வகுப்பு. ஒரு மருமகள் பகலில் உட்கார்ந்து புத்தகம் படிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. ஆனால் மாமனாருக்குக் கண்புரை. மதியம் பஸ்ஸில் வரும் செய்தித்தாளை யாராவது அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த வேலை பெரியம்மாவுக்கு வந்தது. திண்ணையில் அவர் கட்டிலில் படுத்திருக்க, இவர் நிலைப்படியில் உட்கார்ந்து தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து வரி விளம்பரம் வரை சத்தமாக வாசிப்பார். மாமனாருக்குப் பணிவிடை என்பதால் யாரும் வாய் திறக்க முடியாது. நாலு நாளில் பக்கத்து வீட்டு அப்பாயி வந்து உட்கார்ந்தார். அப்புறம் களையெடுத்துவிட்டு வருகிறவர்கள் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமனார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாகப் பார்க்கத் தொடங்கிய பிறகும், "நீயே படி ஆத்தா, நீ படிச்சாத்தான் எனக்குப் புரியுது" என்றாராம்.

பெரியம்மாவின் பிற்கால வாழ்க்கை மொத்தத்துக்கும் விதை அந்தத் திண்ணைதான் என்று எனக்குப் படுகிறது. தனக்காகப் படிப்பது வேறு, ஊருக்கு உழைப்பது வேறு என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. அவர் படித்ததே இன்னொருவருக்காக வாசித்துத்தான்.

1991-இல் புதுக்கோட்டையில், எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களும் ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் ஊர் ஊராக வந்தார்கள். முச்சந்தியில் பாட்டும் நாடகமும் போட்டுவிட்டு, "சொல்லித்தர யார் வர்றீங்க?" என்று கேட்டார்கள். தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. பெரியம்மா கை தூக்கினார். அப்போது அவருக்கு வயது 38. அன்று ராத்திரி பெரியப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அரிக்கேன் விளக்குக்குச் சிம்னி வாங்கி வந்தவரும் அதே பெரியப்பாதான்.

அறிவொளிப் பாடம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி அ, ஆ என்று தொடங்காது. 'பட்டா', 'படி' என்று, கூலிவேலைக்குப் போகிறவர்கள் தினம் காதால் கேட்கும் வார்த்தையிலிருந்து தொடங்கும். வார்த்தையைப் பேசி, பிறகு எழுத்தாகப் பிரித்து, அந்த எழுத்துகளை வைத்தே புது வார்த்தை கட்டுவார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டால் பாடம் அரைமணி நேரம் நின்றுவிடும். பேச்சுதான் நடக்கும். "அந்த அரைமணிதான்டா பாப்பா பாடம்" என்பார் பெரியம்மா.

அவர் வகுப்புக்குக் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அந்தக் கைக்குப் பென்சில் பிடிபடவில்லை. சுத்தியல் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியபடியே காய்த்துப்போன கை. மெலிசான பென்சில் அதில் நிற்காமல் நழுவும். அழுத்தினால் முனை ஒடியும். ஒரு அம்மாயி மூன்று பென்சிலை ஒடித்துவிட்டு, "எனக்கு வேணாந்தாயி, இது எழுதுற கையில்ல" என்று எழுந்துவிட்டார். மறுநாள் பெரியம்மா ஆசாரி பட்டறைக்குப் போய், மரத்தில் கோடு போடுகிற பட்டைப் பென்சிலை வாங்கி வந்தார். கட்டைவிரல் தடிமன், செவப்பு நிறம், உருளாது. சிலேட்டுக்குப் பதிலாகச் சிமெண்டுச் சாக்குத் தாளை விரித்துத் தரையில் போட்டார். அந்த அம்மாயி குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கையிலிருந்து கையை இழுத்து, கோலம் போடுகிற மாதிரி தன் பேரின் முதல் எழுத்தைப் போட்டார். அகலம் ஒரு சாண். வாரம் போகப் போக எழுத்து சுருங்கி, மாசி மாதத்தில் கட்டத்துக்குள் அடங்கியது. ரேஷன் கடையில் மைப்பெட்டியை அவர் பக்கம் தள்ளியபோது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டைப் பென்சிலை அவர் எடுத்தாராம். கடைக்காரர் பேனாவை நீட்டி, "இதால போடுங்க ஆத்தா" என்றிருக்கிறார்.

யாருக்காவது எழுத்துச் சொல்லித்தர உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பென்சில் கதையைத்தான். வயதானவர் ஒருவர் எனக்கு வராது என்று சொன்னால், முதலில் கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், வெளிச்சத்தைப் பாருங்கள். மூளைக்குப் போவது கடைசியில். இப்போதும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் வகுப்பெடுக்கும் தங்கை ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடி வந்த பிறகு இரண்டு பேருக்குத் தடங்கல் விலகிவிட்டது என்று அடுத்த வாரமே போன் செய்தாள்.

அறிவொளியோடு சேர்ந்து வந்தது சைக்கிள். கூடுதல் வேலையாகத்தான் தொடங்கினார்கள், ஆனால் அது ஊரையே புரட்டிவிட்டது. 1992 மகளிர் தினத்தில் 1500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத் தெருக்களில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். அதில் பெரியம்மாவும் ஒருவர். பெண்கள் சைக்கிள் கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். அதுவே வசதியாகவும் போயிற்று. முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். நான் அந்தப் பாரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பாரில் துண்டைச் சுற்றி இருப்பார். பள்ளம் வந்தால், "பிடிச்சுக்க" என்று சொல்லிவிட்டு இரண்டு முழங்கையாலும் என்னை அணைத்துக்கொள்வார். பின்னால் கேரியரில் பிஸ்கட் தகரப் பெட்டி. அதற்குள் புத்தகங்கள்.

எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் ஆறு மாதம் எதையும் படிக்காமல் இருந்தால் எல்லாம் மறந்துபோகும். இதைப் பெரியம்மா கண்ணால் பார்த்தார். வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்தாயிற்று, அடுத்த பொங்கலுக்குள் பாதிப் பேர் திரும்பக் கைநாட்டுக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் 1993-இல் சைக்கிளில் புத்தகம் கொண்டுபோகத் தொடங்கினார். நாலு ஊர், வாரத்துக்கு ஒரு ஊர். புத்தகங்கள் வந்த வழியும் சொல்ல வேண்டும். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டி வரும்போது வாங்கியவை நிறைய. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள், பெரிய எழுத்தும் வண்ணப்படமுமாக, அப்போது மலிவாகக் கிடைத்தன. எழுத்துக் கற்றவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான வளர்கல்வி மையத்துக்கு வந்த சிறு வெளியீடுகளும் உண்டு. யாராவது கல்யாணத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒரு புத்தகம் வாங்கிக் குடு" என்பார். புதுக்கோட்டைக்குப் போனால் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகத்துக்குள் ஒருநாள் முழுக்க இருந்துவிட்டு, பழைய பதிப்புகளைத் தொட்டுப் பார்த்ததை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் நோட்டை நான் கண்டுபிடித்தது பரணில், மூன்றாவது சாக்கில். 160 பக்கக் கோடுபோட்ட நோட்டுகள், மொத்தம் 11. ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோலால் கோடு போட்டு ஐந்து கட்டம். பெயர், புத்தகம், கொடுத்த தேதி, வந்த தேதி. இந்த நாலும் எந்த நூலகப் பதிவேட்டிலும் இருக்கும். ஐந்தாவது கட்டத்துக்குத் தலைப்பு: 'என்ன சொன்னாங்க'.

அந்தக் கட்டத்தில் இருப்பவை இப்படி:

"எழுத்து சிறுசு. பாதியில் வெச்சுட்டார். பெரிய எழுத்துல தேடணும்."

"ராத்திரி அழுதுட்டேன்னா. வேற சோகக்கதை கேக்குறா."

"புருசன் படிச்சிட்டார். இவள் இன்னும் படிக்கலை. ரெண்டு வாரம் நீட்டிப்பு."

"இந்தக் கதையில மாமியாரு செஞ்சது சரிதான்னு சண்டை. நாலு பேரு பேசுனாங்க. நல்ல புத்தகம்."

"வரலை. மகளுக்குச் சீரோட வெச்சுக் குடுத்தாச்சாம். இருக்கட்டும்."

ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரிடம் இந்த நோட்டைக் காட்டினேன். நெடுநேரம் புரட்டிவிட்டு, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலக அறிவியல் விதிகள் ஐந்தைச் சொன்னார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளரும் உயிர். "ரெண்டாவது, மூணாவது விதியை உங்க பெரியம்மா இந்தக் கட்டத்துக்குள்ள நடத்தியிருக்காங்க" என்றார். அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் புத்தகம் போனதையும் அவர்தான் சொன்னார். பெரியம்மாவுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்து அன்று எனக்குத் தொண்டை அடைத்தது.

பிறருக்கு வாசித்துக் காட்டுவதில் அவருக்குச் சில பழக்கங்கள் உண்டு. நான் இப்போது பின்பற்றிப் பார்த்து, பலிக்கிறது என்று தெரிந்ததால் சொல்கிறேன். முதல்நாள் தனியாக ஒருமுறை சத்தம்போட்டுப் படித்துவிடுவார். எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று பென்சிலால் கோடு இழுத்திருப்பார். 20 நிமிடத்துக்கு மேல் வாசிக்க மாட்டார். கேட்கிறவர்கள் வேலை முடித்து அலுத்து வந்தவர்கள். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு அர்த்தமோ நீதியோ கேட்க மாட்டார். "இந்த மாதிரி ஆளை நீ பார்த்திருக்கியா?" என்று மட்டும் கேட்பார். பள்ளிப் பிள்ளைகளிடம் கதையின் நீதி என்ன என்று நான் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததும் வாய் மூட மாட்டேன் என்கிறார்கள். இன்னொன்று, யாராவது தப்பாக வாசித்தால் நடுவில் திருத்த மாட்டார். அந்த வரியைக் கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஒருமுறை வாசிப்பார்.

மனு எழுதுவது அவருடைய அடுத்த வேலை. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், தெருவிளக்கு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்கு ஞாயிறு ராத்திரியே வீட்டில் கூட்டம் சேர்ந்துவிடும். ஒவ்வொரு மனுவுக்கும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுப்பார். எழுதி முடித்ததும் மனுதாரருக்கே முழுசாக வாசித்துக் காட்டுவார், "நீ சொன்னதுதானே இருக்கு? நான் சேர்த்தது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுத்தான் கையெழுத்து வாங்குவார். ஒப்புகைச் சீட்டை அந்த நகலின் பின்பக்கத்தில் ஒட்டிவிடுவார். ஒரு பாட்டிக்கு உதவித்தொகை நின்றுபோனபோது, ஏழு வருடத்துக்கு முந்தைய சீட்டை அவர் எடுத்துக் காட்டியதால்தான் தொகை திரும்ப வந்தது. இன்றைக்கு எல்லாம் இணையத்தில் போய்விட்டது, இருந்தாலும் விண்ணப்ப எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தொலைக்காதீர்கள். ஒரு நோட்டில், தேதியோடு.

ஊருக்கு நூலகம் கேட்டு அவர் போட்ட மனுக்களின் நகல் மட்டும் ஒரு கட்டு. அவர் வாதம் ரொம்ப நேரடியானது. தமிழ்நாட்டில் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்த்து வசூலிக்கிறார்கள். "நாங்க கட்டுறது ரசீதுல இருக்கு, புத்தகம் எங்க?" என்று ஒரு மனுவில் எழுதியிருக்கிறார். ஒன்பது வருடம் கழித்துப் பக்கத்து ஊரில் ஊர்ப்புற நூலகம் திறந்தது. எங்கள் ஊருக்கு வராதது அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் முதல்நாளே சைக்கிளில் 14 பேரை உறுப்பினராகச் சேர்த்துவிட்டு வந்தார்.

இனி, அவர் போன பிறகு நாங்கள் செய்தது. படத்திறப்பு நிகழ்ச்சியில் நான்தான் தவறு செய்தேன். பேச்சாளர்களை வரிசையாகக் கூப்பிட்டேன். அன்னை, தியாகச் சுடர் என்று பேசினார்கள். பெரியம்மாவைத் தெரியாத யாரைப் பற்றியும் அதையே பேசியிருக்கலாம். கூட்டம் கலைகிற நேரத்தில் குவாரிக்கார அக்கா ஒருவர் எழுந்து, "எம்பொண்ணைப் பத்தாவதுல நிறுத்துறேன்னு சொன்னப்ப ராத்திரி பதினோரு மணிக்கு வந்து வாசல்ல உக்காந்துட்டாங்க. நான் சரின்னு சொன்ன பிறகுதான் எந்திரிச்சாங்க" என்றார். அன்றைய கூட்டத்தில் பெரியம்மா வந்து உட்கார்ந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

அதற்கப்புறம் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டுப் போனில் பதிவு செய்தேன். "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் நல்லவர், தங்கமானவர் என்று முடித்துவிடுகிறார்கள். இப்படிக் கேட்டால் நடந்தது வருகிறது. 43 பேரிடம் பேசினேன். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, ஊர், பேசுகிறவரின் பெயரைச் சொல்லவைத்துவிடுங்கள்; இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் எது யார் குரல் என்று குழம்பிவிடுகிறது. இதில் என் மனசை அறுப்பது ஒன்றுதான்: பெரியம்மாவின் குரல் என்னிடம் இல்லை. ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியவர் வாசிக்கிற சத்தத்தை நாங்கள் ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று மாலையே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

புத்தகங்களைப் பிரித்தது பெரிய வேலை. ராமபாணப் பூச்சி விழுந்தவற்றை முதலில் தனியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதற்கும் பரவும். நிழலில் காற்றாட விரித்து வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்தோம். நேர் வெயிலில் போட்டால் தாள் பழுத்து ஒடிகிறது. முதல்நாள் எட்டுப் புத்தகத்தை அப்படிக் கெடுத்தேன். அலமாரியில் வசம்பும் வேப்பிலையும் வைத்தோம். கிளை நூலகத்தில் கேட்டபோது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள இயலாது என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்களிடம் இருப்பதையும் கிழிந்ததையும் கொண்டுபோய் இறக்குவது அவர்களுக்குச் சுமை. அதனால் முதலில் பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். அவர்கள் 120 தேர்ந்தெடுத்தார்கள். பழைய பதிப்புகளைத் தனியே வைத்தோம், அவை ஆய்வு நூலகத்துக்கு. ஓரத்தில் பெரியம்மா பென்சிலால் எழுதியிருந்தவை எங்கும் போகவில்லை. அவர் பெயரில் 1000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகவும் பதிந்தோம். மீதி, வீட்டுத் திண்ணையில். அண்ணனே தச்சரைக் கூப்பிட்டுக் கதவு வைத்த அலமாரி அடித்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் திறக்கிறேன். 12-ஆவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு நடுவயதுப் பெண் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். மாஸ்கோப் புத்தகம், மட்டை போய், சேலைத்துணி ஒட்டித் தைத்திருந்தது. "எங்க அம்மாகிட்ட இருந்துச்சு. நீங்க திருப்பி வாங்குறீங்கன்னு சொன்னாங்க." பழைய நோட்டில் தேடினேன். 1996 ஆவணி, நாலாவது கட்டம் காலி. பட்டைப் பென்சில் அம்மாயியின் பேர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறதாம்.

"அம்மா என்ன சொன்னாங்க, இந்தப் புத்தகத்தைப் பத்தி?" என்று கேட்டேன்.

"முழுசாப் படிச்சதா தெரியலைங்க. தினம் படுக்கப்போறப்ப முதப் பக்கத்தைத் தொறந்து வெச்சுப் படிக்கும். அவ்வளவுதான்."

திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரியம்மாவின் கையெழுத்தில் அந்த அம்மாயியின் முழுப்பேர், ஊர், தேதி. அதற்குக் கீழே, செவப்புப் பட்டைப் பென்சிலால், அதே பேர் இன்னொரு கையெழுத்தில். அதன் கீழ் இன்னொரு முறை. பக்கத்தின் அடிவரைக்கும், இடம் தீருகிற மட்டும்.

அந்தப் பெண் சொன்னதை அப்படியே ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன். நாலாவது கட்டத்தில் தேதி போடவில்லை. புத்தகத்தை அவர் பையிலேயே திரும்ப வைத்தேன்.